நைஸ்னு எழுதலாமா, கூடாதா? ஏற்காட்டு அக்காவுக்கு ஒரு பதில்

ஏற்காட்டுல காபி எஸ்டேட்டுக்குள்ள ஹோம்ஸ்டே நடத்துற ஒரு அக்கா எழுதியிருக்காங்க. லெட்டர் கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்றேன்: "தம்பி, நான் தமிழ் மீடியம். புக்கிங் சைட்ல போடுறதுக்கு இங்கிலீஷ்ல நானே எழுதுனேன். நைஸ் ரூம், நைஸ் வியூ, நைஸ் ஹோம்லி ஃபுட், நைஸ் க்ளைமேட், நைஸ் பீப்பிள்னு போட்டிருந்தேன். காலேஜ் படிக்கிற என் பொண்ணு பாத்துட்டு, நைஸ்ங்கிற வார்த்தையை எழுத்துல யூஸே பண்ணக்கூடாதும்மா, எங்க மிஸ் பாத்தா கோடு போட்டு அடிச்சு விட்டுருவாங்கன்னு சொல்லி எல்லாத்தையும் ப்யூட்டிஃபுல், அமேசிங், எக்ஸ்க்விசிட்னு மாத்திட்டா. இப்ப படிச்சா யாரோ வீட்டைப் பத்தி எழுதுன மாதிரி இருக்கு. நைஸ்னு எழுதுறது தப்பா? சரியா எழுதுறது எப்படி?"

கூடவே கெஸ்ட்டுங்களுக்கு அவங்க அனுப்புன ரிப்ளை கொஞ்சத்தையும் அனுப்பியிருந்தாங்க. எனக்கு அதுதான் ரொம்ப உபயோகமா இருந்துச்சு.

அக்கா, தம்பின்னு எழுதிட்டீங்க, அதனால நானும் அக்கான்னே எழுதுறேன். நான் சேலத்துல உக்காந்துகிட்டு ஹோட்டல்காரங்க, ஜவுளிக்காரங்க, ஜவ்வரிசி மில்லுக்காரங்கன்னு எல்லாருக்கும் இங்கிலீஷ்ல மெயிலும் வெப்சைட் மேட்டரும் எழுதித் தர்ற ஆளு, அதனால இந்த நைஸ் நோய் எனக்கு தினசரி பழக்கம். முதல்ல பஞ்சாயத்தை முடிச்சிருவோம். நைஸ்ங்கிறது தப்பான வார்த்தை இல்ல, எழுத்துல வரவே கூடாதுன்னு ஒரு சட்டமும் இல்ல. உங்க பொண்ணோட மிஸ் அடிக்கிறாங்கன்னா பசங்க ஒரு பக்கத்துல பத்து நைஸ் போட்டா வேற என்னதான் செய்வாங்க, அதுக்காக அடிக்கிறாங்க. ஆனா பொண்ணு பண்ணது இருக்கே, அது நீங்க எழுதுனதைவிட மோசம், சொன்னா கோச்சுக்காதீங்க.

ஏன்னு சொல்றேன். நைஸ்னு சொன்னா "எனக்குப் பிடிச்சிருக்கு"ன்னு அர்த்தம், அவ்வளவுதான், எதனால பிடிச்சிருக்குன்னு அதுல ஒண்ணும் இல்ல. நேர்ல பேசும்போது அது போதும், நீங்க கெஸ்ட்டை ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போயி நைஸ் வியூன்னு சொன்னா வியூ அங்கேயே இருக்கு, உங்க முகம் இருக்கு, குரல் இருக்கு, வார்த்தைக்குப் பெருசா வேலை இல்ல. சென்னைல உக்காந்து போன்ல பாக்குறவங்களுக்கு ஜன்னலும் இல்ல நீங்களும் இல்ல, வெறும் நைஸ் மட்டும்தான் இருக்கு, அது கல்யாண மண்டப வாசல்ல பன்னீர் தெளிக்கிறவங்க சிரிக்கிற சிரிப்பு மாதிரி, வர்ற எல்லாருக்கும் ஒரே அளவு. சரி அதை எடுத்துட்டு அமேசிங்னு போட்டா என்ன மாறுச்சு? எதனால பிடிச்சிருக்குங்கிறது அப்பவும் இல்ல, சத்தம் மட்டும் கூடிப்போச்சு. போதாக்குறைக்கு நைஸ்னு படிச்சப்ப சந்தேகப்படாத ஆளு எக்ஸ்க்விசிட்னு படிச்சா நிச்சயமா சந்தேகப்படுவான், வாடகையை ஒருதடவை பாப்பான், ஃபோட்டோவை ஒருதடவை பாப்பான்.

அதனால நைஸுக்குப் பதிலா இன்னொரு பாராட்டு வார்த்தையைத் தேடாதீங்க. "ஏன் நைஸ்?"னு உங்களையே கேளுங்க, வர்ற பதிலை எழுதுங்க. உங்க லெட்டர்லயே அந்தப் பதில் கிடக்கு அக்கா, நீங்கதான் கவனிக்கல. "கிழக்குப் பாத்த ரூமு, காலைல ஜன்னலைத் திறந்தா பனி உள்ள வந்துரும், எதுத்தாப்புல சில்வர் ஓக்குல மிளகுக்கொடி ஏறியிருக்கும், சீசன்ல கையை நீட்டிப் பறிச்சுக்கலாம்"னு எனக்கு எழுதியிருக்கீங்க. எனக்குச் சொன்ன இதை கெஸ்ட்டுக்குச் சொல்லாம அவங்களுக்கு மட்டும் நைஸ் ரூம்னு ரெண்டு வார்த்தை! "த ரூம் ஃபேசஸ் ஈஸ்ட். யூ கேன் டச் த பெப்பர் வைன் ஃப்ரம் த விண்டோ." இவ்வளவுதான் இங்கிலீஷு, தமிழ் மீடியத்துக்கும் வரும் இங்கிலீஷு, இதுல பாராட்டு வார்த்தை ஒண்ணுகூட இல்ல, ஆனா படிக்கிறவங்களே நைஸ்னு சொல்லிக்குவாங்க. நீங்க சொல்லத் தேவையில்ல.

வியூவும் அப்படித்தான். அடிவாரத்துலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றாங்க, ஒவ்வொரு வளைவுலயும் வியூதான், லேடிஸ் சீட்ல ராத்திரி நின்னா சேலம் டவுன் லைட்டு மொத்தமும் தெரியுது, பகோடா பாயிண்ட்ல நின்னா கீழ ஊருங்க தெரியுது. ஏற்காட்டுல நைஸ் வியூன்னு எழுதுறது கடற்கரை லாட்ஜுல தண்ணி தெரியும்னு எழுதுறதுக்கு சமம். உங்க வாசல்ல நின்னா என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க, ஏரி தெரிஞ்சா ஏரி, காபிச்செடி மட்டும்தான் தெரியும்னா காபிச்செடின்னு தைரியமா சொல்லுங்க. சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் 1820கள்ல கொண்டாந்து நட்டதுலேர்ந்து இந்த மலைல காபி இருக்கு, கோடை மழை விழுந்து அது பூத்துச்சுன்னா எஸ்டேட் முழுக்க மல்லிகை மாதிரி வாசம் அடிக்கும், அந்த டைம்ல வர்றவங்களுக்கு முன்னாடியே ஒரு வரி சொல்லி வச்சா எவ்வளவு நல்லா இருக்கும்.

நைஸ் க்ளைமேட்ல ரெண்டு விஷயம் இருக்கு. க்ளைமேட்னா ஒரு ஊரோட வருஷக்கணக்கான குணம், வெதர்னா இன்னைக்கு வெளிய எப்படி இருக்குங்கிறது. நம்மூர்ல எல்லாரும் "இன்னைக்கு க்ளைமேட் சூப்பர்"னுதான் சொல்றோம், பேச்சுல விட்டுருங்க, எழுத்துல கெஸ்ட்டுக்கு "டுடே க்ளைமேட் இஸ் நைஸ்"னு அனுப்பாதீங்க, அங்க வெதர் வரணும். ஏற்காட்டோட பொதுவான குணத்தைச் சொல்றப்ப க்ளைமேட் சரி, கூட ப்ளெசன்ட் போட்டா இன்னும் பொருத்தம். ப்ளெசன்ட்ங்கிறது நைஸுக்கு அக்கா முறை, கொஞ்சம் அடக்கமான வார்த்தை, காத்து, வெயில், பயணம், தங்குறது, ஒருத்தரோட பழகுற விதம் இதுக்கெல்லாம் நல்லா ஒட்டும். "வி விஷ் யூ எ ப்ளெசன்ட் ஸ்டே"ன்னு நீங்க ஒரு மெயில்ல முடிச்சிருந்தீங்க, அது அட்சரசுத்தம், அதைத் தொடாதீங்க. ஆனா நல்ல குளிர்காலத்துல வர்றவங்களுக்கு ப்ளெசன்ட்னு மட்டும் சொல்லி ஏமாத்தாதீங்க, சுமார் 1500 மீட்டர் உயரம், ராத்திரி ஸ்வெட்டர் வேணும்னு ஒரு வரி சேருங்க. சமவெளிலேர்ந்து டி-சர்ட்டோட வந்து நடுங்குறவங்க போட்டுட்டுப் போற ரிவ்யூ உங்களுக்குத் தெரியாததா.

ஹோம்லி ஃபுட், இதையும் இங்கேயே முடிச்சுடறேன். நம்ம நாட்டுல ஹோம்லின்னா வீட்டுச் சாப்பாடு, அமெரிக்காக்காரங்களுக்கு ஹோம்லின்னா பாக்க லட்சணமில்லாததுன்னு அர்த்தம். ஹோம்-குக்ட்னு எழுதிட்டா யாருக்கும் குழப்பமில்ல.

இப்ப அந்த ரிப்ளைங்களுக்கு வர்றேன், இதுலதான் நம்ம தமிழாளுங்க எல்லாரும் விழுற குழி ஒண்ணு இருக்கு. ஒரு கெஸ்ட்டுக்கு "அவர் காபி ஸ்மெல்ஸ் நைஸ்லி"ன்னு எழுதியிருக்கீங்க. ஏன் அந்த "லி" வந்துச்சு தெரியுமா? நம்ம மனசுல "காபி வாசம் நல்லா இருக்கு"ன்னு ஓடுது, தமிழ்ல நல்லா பேசுறா, நல்லா சமைக்கிறா, நல்லா இருக்கு எல்லாத்துக்கும் அந்த ஒரே "நல்லா"தான், நாமளும் நல்லான்னா நைஸ்லின்னு மனப்பாடம் பண்ணிட்டோம். இங்கிலீஷ்ல அது ரெண்டா பிரியுது. சமைக்கிறது, பேசுறது, அடுக்கி வைக்கிறது மாதிரி ஒரு வேலையை எப்படிச் செய்றாங்கன்னு சொல்லும்போது நைஸ்லி வரும், ரூம்ஸ் ஆர் நைஸ்லி கெப்ட்னா சரி. ஆனா வாசம், ருசி, தோற்றம், சத்தம், தொட்டா எப்படி இருக்கு, இதுக்கெல்லாம் வர்ற ஸ்மெல், டேஸ்ட், லுக், சவுண்ட், ஃபீல் இந்த அஞ்சுக்கும் பின்னாடி வெறும் நைஸ்தான். காபி ஸ்மெல்ஸ் நைஸ். ஸ்மெல்ஸ் நைஸ்லின்னு சொன்னா காபி மூக்கை வச்சு ரொம்ப நேர்த்தியா மோந்து பாக்குதுன்னு ஆயிப்போகும், செய்றது காபியா நீங்களான்னு யோசிச்சாலே விடை கிடைச்சிரும். இன்னொரு பக்கம் "அவர் குக் ஸ்பீக்ஸ் நைஸ்"னு எழுதியிருக்கீங்க, அங்க உல்ட்டா, பேசுறது ஒரு வேலை, அதனால அங்க நைஸ்லி வரணும், பேச்சு வழக்குல வெள்ளைக்காரங்களே அந்த "லி"யை முழுங்குவாங்க, எழுத்துல முழுங்க வேண்டாம்.

தமிழ்லயே நைஸ்னு ஒரு வார்த்தை வச்சிருக்கோம் பாருங்க, அது இன்னொரு ரோதனை. மாவை நைஸா அரைன்றோம், துணி நைஸா இருக்குன்றோம், வேலை சொன்னதும் நைஸா நழுவிட்டான்றோம், நைஸா பேசி காசு வாங்கிட்டான்றோம். இதுல ஒண்ணையும் இங்கிலீஷ்ல நைஸ்னு எழுத முடியாது! செவ்வாப்பேட்டைல மாவு யாவாரம் பண்ற ஒருத்தரு வடநாட்டு பார்ட்டிக்கு "வெரி நைஸ் பவுடர்"னு மெயில் போட்டாரு, அவரு சொல்ல வந்தது நல்லா சலிச்ச மெல்லிசு மாவு, அந்தப் பக்கம் புரிஞ்சது "நல்ல சரக்கு", எவ்வளவு மெல்லிசுங்கிறதுதான் அந்தப் பார்ட்டிக்கே வேணும், அதைக் கேட்டு மறுபடி மெயில் வந்துச்சு. அங்க ஃபைன் பவுடர்னு எழுதணும், துணிக்கு சாஃப்ட் இல்லேன்னா ஸ்மூத், நழுவுனவனுக்கு ஸ்லிப்ட் அவே கொயட்லி. உங்ககிட்டயும் இது இருக்கு, காபித்தூள் பாக்கெட் விக்கிறதுக்கு "நைஸ் க்ரைண்ட்"னு ஸ்டிக்கர் அடிக்கப் போறதா எழுதியிருக்கீங்க, நிறுத்துங்க. ஃபில்டருக்குப் போடுற தூளுன்னா அதுக்கேத்த அரைப்புன்னு சொல்லுங்க, "கிரவுண்ட் ஃபார் சவுத் இந்தியன் ஃபில்டர்"னு போட்டா வாங்குறவனுக்கு ஒரு தகவல் ஆச்சு.

ப்ளெசன்ட்னு சொன்னேன்ல, அதுக்கு ப்ளீஸ்ட்னு ஒரு தங்கச்சி இருக்கா, அவளையும் சேத்துப் போட்டுக் குழப்பிக்காதீங்க. புக்கிங் வந்ததும் "ஐ ஆம் வெரி ப்ளெசன்ட் டு ரிசீவ் யுவர் புக்கிங்"னு ஒரு ரிப்ளை போயிருக்கு. நமக்குச் சந்தோஷம்னா ப்ளீஸ்ட். அடுத்தவங்களுக்கு சுகமா இருக்குற பொருளோ ஆளோ ப்ளெசன்ட். ஐ ஆம் ப்ளெசன்ட்னு எழுதுனா "நான் ரொம்ப இனிமையானவ"ன்னு நீங்களே உங்களுக்கு சர்ட்டிஃபிகேட் குடுத்துக்கிட்ட மாதிரி ஆகுது, உண்மையாவே இருக்கலாம், ஆனா அதை கெஸ்ட்டு சொல்லட்டும்.

சரி, நைஸை எங்கதான் எழுதுறது? மனுசங்களுக்கு நன்றி சொல்ற இடத்துல தாராளமா எழுதுங்க, அங்க அதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடையாது. ஊருக்குப் போனதுக்கப்புறம் ஒருத்தரு எடுத்த ஃபோட்டோவெல்லாம் அனுப்பி வச்சாருன்னு சொல்லியிருந்தீங்க, அவருக்கு "இட் வாஸ் வெரி நைஸ் ஆஃப் யூ டு செண்ட் த ஃபோட்டோஸ்"னு எழுதுனா அவரோட நல்ல மனசைப் பாராட்டுன மாதிரி. இந்த "ஆஃப் யூ" முக்கியம், நீங்க "நைஸ் ஃபார் யூ"ன்னு எழுதியிருக்கீங்க, அப்படி எழுதுனா "உங்களுக்கு நல்லதாப் போச்சு"ன்னு ஆயிரும், சில சமயம் குத்தலாகவும் கேக்கும். அதே மாதிரி முதல்தடவை பாக்குறவங்ககிட்ட நைஸ் டு மீட் யூ, கிளம்பிப் போறப்ப நைஸ் மீட்டிங் யூ, போன வருஷம் வந்த ஃபேமிலியே மறுபடி வந்தா மீட் வராது, நைஸ் டு சீ யூ அகெய்ன். கெஸ்ட் போனப்புறம் அனுப்புற மெயில்ல "இட் வாஸ் நைஸ் ஹேவிங் யூ வித் அஸ்"னு போடுங்க, ஆனா அதோட நிறுத்தாம அவங்க வீட்டு விஷயம் ஒண்ணைச் சேருங்க, குட்டிப்பையன் நாய்க்கு இட்லி ஊட்டுனதை நீங்க எனக்கு எழுதியிருக்கீங்க, அவங்கம்மாவுக்கு எழுதுனீங்களா?

குறை சொல்ற ரிவ்யூவுக்கு மட்டும் நைஸ் பக்கமே போகாதீங்க, இதைக் கண்டிப்பா சொல்றேன். ஒருத்தரு "காலைல சுடுதண்ணி வரல"ன்னு எழுதுனதுக்கு நீங்க "நைஸ் கமெண்ட் சார், தேங்க்யூ"ன்னு போட்டிருக்கீங்க. நல்லெண்ணத்துலதான் போட்டீங்கன்னு எனக்குத் தெரியுது, ஆனா படிக்கிறவங்களுக்கு அது நக்கல். குறைக்குப் பதிலா வர்ற நைஸ் இங்கிலீஷ்ல பெரும்பாலும் குத்தலாத்தான் கேக்கும், கேட்ச் விட்டவனைப் பாத்து நாம "நல்லா புடிச்சடா"ன்னு சொல்ற தொனி. அங்க நடந்ததை ஒத்துக்கிட்டு என்ன சரி பண்ணீங்கன்னு மட்டும் சொல்லுங்க: "சாரி அபௌட் த கோல்ட் வாட்டர். த ஹீட்டர் ஹேஸ் பீன் ரிப்பேர்ட்." ரிப்பேர் பண்ணியிருந்தா மட்டும் ரெண்டாவது வரி.

சுடுதண்ணின்னதும் ஞாபகம் வருது, "நைஸ் அண்ட் ஹாட் வாட்டர்"னு லிஸ்டிங்ல இருக்கு. நைஸ் அண்ட் ஹாட்னா நல்லா இதமா சூடா இருக்குன்னு அர்த்தம், அழகான பேச்சு வழக்கு, ஆனா அது பொருளுக்குப் பின்னாடிதான் வரும், த வாட்டர் இஸ் நைஸ் அண்ட் ஹாட். கெஸ்ட்டுக்கு வாட்ஸ்அப்ல அப்படி அனுப்பலாம். லிஸ்டிங்ல எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும் சுடுதண்ணின்னு போடுங்க, போதும்.

சின்னச் சின்னதா இன்னும் ரெண்டு. மோர் நைஸ் வேண்டாம், நைசர், நைசஸ்ட். அப்புறம் நைஸ் ஒரு அபிப்பிராயம், இங்கிலீஷ்ல அபிப்பிராயம் முன்னாடி போய் நிக்கும், வயசு, கலரு, எதுல செஞ்சதுங்கிறதெல்லாம் அப்புறம்தான், அதனால "ஓல்ட் நைஸ் பங்களா" இல்ல, "நைஸ் ஓல்ட் பங்களா".

பொண்ணுக்கும் ஒரு விஷயம் சொல்லிருங்க, காலேஜ்ல பீத்திக்கலாம். இந்த நைஸோட மூலம் லத்தீன்ல "தெரியாதவன்"னு அர்த்தம் வர்ற ஒரு சொல்லு, ஃபிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குள்ள வந்தப்ப முட்டாள்னுதான் அர்த்தம். அப்புறம் நொரநாட்டியம் புடிச்சவன்னு ஆச்சு, அப்புறம் நுணுக்கமானது, துல்லியமானதுன்னு ஆச்சு, இனிமையானதுங்கிற இன்னைய அர்த்தம் 18ம் நூற்றாண்டுலதான் வருது. துல்லியம்ங்கிற பழைய அர்த்தம் இன்னும் சாகல, எ நைஸ் டிஸ்டிங்ஷன்னு எங்கேயாவது படிச்சா நல்ல வித்தியாசம்னு எடுத்துக்கக்கூடாது, மயிரிழை வித்தியாசம்னு எடுத்துக்கணும். பரீட்சைல இது மாட்டுறதுக்கு வாய்ப்பிருக்கு.

கடைசியா அந்த சமையல்காரர் லெட்டர். பெங்களூர்ல ஒரு ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போறாரு, "ஹி இஸ் எ நைஸ் மேன்"னு ஒரு வரில சர்ட்டிஃபிகேட் எழுதி வச்சிருக்கீங்க, சரியான்னு கேட்டிருக்கீங்க. இலக்கணம் சரி, லெட்டர் தப்பு. ஒரு ஆளைப் பத்தி வேலைக்கு எழுதுற கடிதத்துல நைஸ் மேன்னு மட்டும் இருந்தா, படிக்கிற மேனேஜரு "ஆளு தங்கம், வேலை சுமார் போல"ன்னுதான் எடுத்துக்குவாரு, சொல்றதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலன்னு நினைப்பாரு. உங்களுக்குச் சொல்றதுக்கா இல்ல? எத்தனை வருஷம் உங்ககிட்ட இருக்காரு, ஒரே நேரத்துல எத்தனை பேருக்கு சமைப்பாரு, மே மாசக் கோடை விழா கூட்டத்துல தனியா அடுப்படியைப் பாத்துக்கிட்டது, ராத்திரி லேட்டா மலை ஏறி வந்த குடும்பத்துக்கு எழுந்து ரசம் வச்சுக் குடுத்தது, இதையெல்லாம் வரிசையா தமிழ்லயே எழுதி எனக்கு அனுப்புங்க, இங்கிலீஷ் நான் பாத்துக்கறேன். எல்லாம் எழுதி முடிச்சப்புறம் கடைசி வரியா அந்த நைஸ் மேன் இருந்துட்டுப் போகட்டும், அங்க இருந்தா அழகு. அவரு எப்ப கிளம்புறாருன்னு மறக்காம சொல்லுங்க, அதுக்கு முன்னாடி முடிக்கணும்.